மூன்று நாள் கழித்து வரும் பதில்

கோவில்பட்டிக்கு ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்து, குழாயில் ஏற்றிக் கொண்டுவருவது. குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய பிறகு அது சாக்கடைக்குப் போய், அங்கிருந்து ஓடைக்கும் கண்மாய்க்கும் போகிறது. அதைக் கடல்வரை இழுத்துப்போக ஓட்டம் இல்லை. மழைக்காலத்துச் சில வாரங்கள் நீங்கலாக, கழிவு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

இந்தக் கழிவை எப்படி அளக்கிறார்கள்? நல்ல தண்ணீரில் நீர்க்கச் செய்து, 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் மூடி, கழுத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டு, 27 டிகிரியில் இருட்டில் வைப்பார்கள். மூன்று நாள் கழித்து எடுத்து ரசாயனம் சேர்த்தால் மஞ்சளாகும். ஸ்டார்ச் விட்டால் நீலமாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைகிற அந்தச் சொட்டில் கையை நிறுத்த வேண்டும். அதில் தெரியும் மிச்ச ஆக்சிஜனை முதலில் இருந்ததிலிருந்து கழித்தால்தான் பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், எவ்வளவு என்று தெரியும். நீர்நிலையில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை அனுமதி.

இந்த முறைக்கு வேர் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே கழிவுநீருக்கான ராயல் கமிஷன் 1912இல் ஐந்து நாள் சோதனையை வைத்து 20 மில்லிகிராம் என்று வரம்பு சொன்னது. கழிவு சேரும் ஆற்றில் அதைப்போல எட்டு மடங்காவது நல்ல தண்ணீர் இருக்கும் என்பது அதன் கணக்கு. நம் வெயிலுக்கு ஐந்து நாளை மூன்றாகக் குறைத்துக்கொண்டோம். எட்டு மடங்குத் தண்ணீருக்குக் கரிசலில் எங்கே போவது?

என் கவலையெல்லாம் மண் வெடிப்பைப் பற்றித்தான். கோடையில் கரிசல் பாளம் பாளமாகப் பிளக்கும். சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். முதல் மழையில் மண் ஊறி உப்பி வாய் மூடுவதற்குள், மேலே ஓடுகிற தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே கீழே போய்விடும். ஓடையில் மாதக்கணக்கில் தேங்கியதுதான் அந்த முதல் தண்ணீரோடு போகும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். புட்டி பதில் சொல்ல மூன்று நாள் ஆகும். அதற்குள் பக்கத்துக் கிணற்றில் எத்தனை குடம் இறைத்திருப்பார்கள்!

அதனால்தான் நுண்ணுயிர் மின்கலத்தைப் பெரிதாக நினைக்கிறேன். ஓடைச் சேறே அதற்குப் போதும். ஒரு டப்பாவில் சேற்றைப் போட்டு, காற்றுப் புகாதபடி கார்பன் துணி ஒன்றை அதற்குள் புதைத்து, இன்னொன்றைக் காற்றுப் படும்படி மேலே வைத்து, இரண்டையும் கம்பியால் இணைக்க வேண்டும். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களைக் கீழ்த் துணியில் விட்டுவிடுகின்றன. சில நாளில் மல்டிமீட்டரில் சில நூறு மில்லிவோல்ட் காட்டும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் 1911இலேயே நுண்ணுயிரிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். அதை விளக்கு எரிக்கவே பலரும் பார்த்தார்கள். அளவு காட்டவும் ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது: இரை கூடினால் மின்னோட்டம் கூடும், குறைந்தால் குறையும். தென்கொரிய ஆய்வாளர்கள் இப்படி ஒரு கருவியை ஐந்து வருஷத்துக்கு மேல் ஓட்டி, 2003இல் எழுதினார்கள். மூன்று நாள் காக்க வேண்டியதில்லை. சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் மாற்றம் தெரிந்துவிடும்.

கழிவு மிகவும் அடர்ந்தால் மின்னோட்டம் ஓர் உச்சியில் நின்றுவிடும், சட்டத்துக்குப் புட்டிக் கணக்கே வேண்டும் என்று ஆய்வகத்துக்காரர்கள் சொல்வார்கள். சரிதான்.

எனக்கு உறுத்துவது வேறு. மின்னோட்டம் இறங்கினால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றும் கொள்ளலாம், விஷம் கலந்து பாக்டீரியா முடங்கிவிட்டது என்றும் கொள்ளலாம். இது தீப்பெட்டி ஊர். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. ஆக்சிஜனுக்குப் பதிலாகக் குளோரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மருந்து கழுவிய தண்ணீர் டப்பாவுக்குள் போனால், கம்பிக்கு வரவேண்டிய எலக்ட்ரான் அந்தப் பக்கம் போய்விடும். கழிவு அப்படியே இருக்க, மீட்டர் மட்டும் நல்ல செய்தி சொல்லும். ஆகவே ஒரு டப்பா போதாது. ஓடைத் தண்ணீர் ஒன்றிலும், நாமே அளந்து கொடுக்கும் இரை இன்னொன்றிலும் போக வேண்டும். இரண்டாவதில் இரையோடு கொஞ்சம் ஓடைத் தண்ணீரையும் சேர்த்து விடும்போது மின்னோட்டம் விழுந்தால், ஓடையில் வந்திருப்பது வேறு சரக்கு.

புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு மாட்டையும் டிராக்டரையும் தயார் செய்யும்போதே, ஓடை கண்மாயில் சேரும் வரத்துக்காலில் இந்த இரண்டு டப்பாக்களையும் புதைத்துவிட வேண்டும். கார்பன் துணியில் பாக்டீரியா படர இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் வெடிப்பு மூடாது; மழைதான் முந்திக்கொள்ளலாம்.