பொதுச் சந்தில் காரை நிறுத்தலாமா? நள்ளிரவில் ஊசலாடிய ஓர் உயிர்!

தஞ்சை:–

நேரம் நள்ளிரவு 2 மணி. தஞ்சை கீழவாசல் பக்கம் ஒரு சந்து. சந்து முனையில் 108 ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழல விட்டபடி நிற்கிறது. கடைசி வீட்டில் 71 வயதுப் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார்.

நடுவில் ஒரு கார்!

சந்தின் அகலம் 7 அடி. காரின் அகலம் ஐந்தரை அடி. மிச்சம் ஒன்றரை அடி. ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஸ்ட்ரெச்சர் போகாது.

காரின் சொந்தக்காரர் குடும்பத்தோடு மைத்துனர் வேனில் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். கார்ச் சாவி அவர் சட்டைப் பையில்! வீடும் பூட்டு.

அதே சந்தில்தான் நானும் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பெரியவரின் மனைவி போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், நான். ஆக நாலு பேர். பெரியவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, தோள் உயரத்துக்குத் தூக்கி, காரின் பானெட்டுக்கு மேலாகக் கொண்டுபோனோம். நாற்காலிக் கால் காரில் உரசிக் கோடு விழுந்தது. விழட்டும்!

20 நிமிஷம் வீண். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். அது அவர் அதிர்ஷ்டம்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நிறுத்தப்பா..."

இது திடீரென்று வந்த விவகாரம் அல்ல. இரண்டு வருஷமாகப் புகைந்துகொண்டிருந்ததுதான்.

முன் வீட்டுக்காரர் மளிகை மொத்த வியாபாரி. நல்ல மனுஷர். சந்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். கடைசி வீட்டுப் பெரியவர் சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

கார் வாங்கிய புதிதில் பெரியவரே சொன்னார்: "தம்பி, ராத்திரிக்கு மட்டும் நிறுத்திக்கப்பா. காலையில எடுத்துடு."

ராத்திரி பகலானது. பகல் வாரமானது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் சந்து முனையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். பெரியவரின் மனைவி ஒரு நாள் கேட்டார்: "தம்பி, கொஞ்சம் தள்ளி நிறுத்தப்பா. தண்ணிக் குடத்தோட போக முடியல."

"என் வீட்டுச் சுவரோரமாத்தானே நிறுத்துறேன், பெரியம்மா? உங்க வாசல்லயா நிறுத்தினேன்?" என்றார் இவர்.

அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளிப் பலகாரத் தட்டும் நின்றது.

ராஜவீதியிலிருந்து சந்து வரை

தஞ்சை பழைய ஊர். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என நான்கு ராஜவீதிகள். அவற்றிலிருந்து கிளை பிரிகிற தெருக்கள். தெருக்களிலிருந்து நரம்பு நரம்பாகச் சந்துகள்.

இதில் பல சந்துகள் பிறந்தது பாகப்பிரிவினையில். ஒரே பெரிய வீடு. அப்பா காலமானதும் அண்ணனுக்கு முன்கட்டு, தம்பிக்குப் பின்கட்டு. பின்கட்டுக்காரர் தெருவுக்கு வர வேண்டாமா? பக்கவாட்டில் ஒரு துண்டு இடத்தைப் "பொது" என்று விட்டார்கள். பிறகு வீடுகள் கைமாறின. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. சந்து மட்டும் இருக்கிறது.

அன்றைக்குச் சைக்கிள் போனால் போதும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையோடு மாட்டுவண்டி கொல்லை வரை போனால் போதும். வண்டி வரும், மூட்டையை இறக்கும், போய்விடும். மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியைச் சந்திலேயே விட்டால் ஊர் சும்மா இருக்காது.

1983ல் மாருதி 800 வந்தது. அகலம் 5 அடிக்கும் குறைவு. இன்றைக்குப் பெரிய கார் என்றால் 6 அடி. கார் பெருத்தது. சந்து பெருக்கவில்லை!

முதலில் பாருங்கள்: எந்தச் சந்து?

சண்டைக்கு முன்னால் பார்க்க வேண்டியது சந்தின் ஜாதகம். சந்து என்றால் எல்லாம் ஒன்றல்ல.

ஒன்று, மாநகராட்சிச் சந்து. சர்வே ரிக்கார்டில் சர்க்கார் இடம், தெரு என்று இருக்கும். இது ஊரார் சொத்து. முன் வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை, பின் வீட்டுக்காரருக்கும் தனி உரிமையில்லை.

இரண்டு, இரு வீட்டுக்கும் பொதுவான சந்து. பத்திரத்தில் "பொதுச் சந்தில் சரிபாதி" என்கிற மாதிரி எழுதியிருக்கும்.

மூன்று, இடம் ஒருவருடையது, வழி இன்னொருவருடையது. பத்திரத்தில் "வழிநடை பாத்தியம்" என்று ஒரு வார்த்தை இருக்கும். மண் அவருக்கு, நடை உங்களுக்கு.

நான்கு, அடுக்குமாடி. கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துகிற இடம். இதுபற்றி 2010 ஆகஸ்டு 31ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. மும்பையில் நடந்த வழக்கு அது. தூண்தளமும் திறந்தவெளி நிறுத்துமிடமும் எல்லோருக்கும் பொதுவான பகுதி, அதைக் கட்டுமானக்காரர் தனியாகக் கூறுபோட்டு விற்க முடியாது என்று நீதிபதிகள் கூறினார்கள்.

கவனியுங்கள். இரண்டாவது, மூன்றாவது ரகச் சந்தில் பத்திரம் கொடுக்கிற உரிமை "போக, வர". நிறுத்தி வைக்க உரிமை என்றால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். பாதிச் சந்து எனக்குச் சொந்தம் என்பவரும் மற்றவர் வழியை அடைக்க முடியாது. பொது என்றால் பாதிப் பாதியாகக் கோடு கிழித்துக்கொள்வதல்ல. முழுச் சந்திலும் இரண்டு பேரும் போகலாம் என்பதுதான்.

20 வருஷக் கணக்கு

இந்திய வழியுரிமைச் சட்டம் 1882ல் வந்தது. "ஈஸ்மென்ட் ஆக்ட்" என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லாதவருக்கும் அதில் இரண்டு வாசல்கள் உண்டு.

வீட்டைப் பிரித்த பிறகு வெளியே வர வேறு வழியே இல்லை என்றால், அவசியத்தால் வருகிற உரிமை. இது 13வது பிரிவு.

20 வருஷம் பகிரங்கமாக, தகராறு இல்லாமல், உரிமையோடு, இடைவிடாமல் ஒரு வழியில் போய் வந்தால், பழக்கத்தால் வருகிற உரிமை. இது 15வது பிரிவு. சர்க்கார் இடமென்றால் 30 வருஷம்.

ஆனால் "உரிமையோடு" என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். "போய்ட்டு வாங்கண்ணே" என்று இடத்துக்காரர் அனுமதி கொடுத்துப் போனால் அது உரிமை ஆகாது, சலுகைதான். காரும் அப்படித்தான். நம்ம பெரியவர் "ராத்திரிக்கு மட்டும் நிறுத்திக்க" என்றது சலுகை. பாத்தியம் அல்ல. ஆனால் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? எழுத்தில் இரண்டு வரி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வழியை அடைத்தது தெரிந்தும் வாய் மூடி இருப்பது ஆபத்து. பழக்கத்தால் வருகிற உரிமையைக் கணக்கிடும்போது, அடைப்பைத் தெரிந்தே ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டால் அது இடைவெளியாகிவிடும். போகிற வழியை 20 வருஷம் அடியோடு விட்டுவிட்டால் இருந்த உரிமையும் போகும்.

"அக்கம்பக்கத்து உறவு கெடக் கூடாது" என்று சும்மா இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

போலீசுக்குப் போனால்...

"சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்கங்க." ஸ்டேஷனில் முதலில் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். பாதி சரி. பாதி சரியில்லை.

உரிமையுள்ள பாதையில் ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 341வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 126வது பிரிவு. தண்டனை ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்குச் சட்டப் புத்தகம் கொடுக்கிற உதாரணமே, ஒருவர் போக உரிமையுள்ள பாதையை இன்னொருவர் அடைப்பதுதான்!

ஆனால் ஒரு விலக்கு. தனியார் பாதையை அடைத்தவர், "அடைக்க எனக்கு உரிமை உண்டு" என்று நல்லெண்ணத்தோடு நம்பினால் அது குற்றமாகாது. இதனால்தான் போலீசார் கோர்ட்டைக் கை காட்டுகிறார்கள்.

அது ஊராருக்கான சந்து என்றால் கதை வேறு. பொது வழியில் இடைஞ்சல் செய்வது 285வது பிரிவு. அபராதம் 5,000 ரூபாய் வரை. மாநகராட்சியிலும் மனு கொடுக்கலாம். இடைஞ்சலை அகற்ற உத்தரவு போடும் அதிகாரம் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு.

புகார் கொடுத்தால் சும்மா வராதீர்கள். மனு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். பின்னால் கோர்ட்டில் அது பேசும்.

கோர்ட்டு வாசல்

முன்சீப் கோர்ட்டில் இரண்டு விஷயம் கேட்கலாம். இனிமேல் அடைக்காதே என்று ஒரு தடை உத்தரவு. இருக்கிற அடைப்பை எடு என்று ஓர் உத்தரவு. தேவைப்பட்டால் கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். அவர் சர்வேயரோடு வந்து, சங்கிலி பிடித்து அளந்து, பிளான் போட்டுக் கொடுப்பார். ஏழு அடியா, ஆறு அடியா என்ற வாய்ச்சண்டை அங்கே தீரும்.

ஆனால் வாய்தா, வாய்தா என்று வருஷம் ஓடும். அதற்குமுன் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கேஸ் போடாமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதுகிற முடிவு கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. தினம் முகத்தில் முழிக்க வேண்டிய அண்டை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழியில்லை.

டயரில் காற்றை இறக்காதீர்!

கோபத்தில் சிலர் டயரைக் குத்துகிறார்கள். கண்ணாடியை உடைக்கிறார்கள். சாவியால் கோடு போடுகிறார்கள். அடுத்த நிமிஷம் நீங்கள் எதிரி! சொத்துக்குச் சேதம் என்று உங்கள் மேல் கேஸ் திரும்பும். வழியை அடைத்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார். அதற்குப் பதில் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

காரை வைத்திருப்பவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி வாங்கிய வண்டியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட மனசு வருமா? ஆனால் கார் வாங்கும்போது நிறுத்துகிற இடத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வழியைச் சேர்த்து வாங்க முடியாது.

வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத் தீயில் 94 பிஞ்சுகள் போனார்கள். அங்கேயும் குறுகலான மாடிப்படி.

பெரிய கோவில் தேர் 2015ல் ஓடியபோது நாலு ராஜவீதியையும் ஒழித்துக் கொடுத்தார்கள் இந்த ஊர்க்காரர்கள். தேருக்கு வழி விடத் தெரிந்தவர்களுக்கு ஸ்ட்ரெச்சருக்கு விடத் தெரியாதா?

இரண்டு பத்திரம், ஒரே வரி!

மளிகைக்காரர் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பினார். காரில் கோடு! யார் என்று சத்தம் போட்டார். யாரும் பதில் பேசவில்லை. அவர் மனைவிதான் விஷயத்தைக் கேட்டு வந்து சொன்னார். மனுஷர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறாம் நாள் பெரியவர் வீடு திரும்பினார். ஆப்பிள் பையோடு இவர் போனார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து பழுப்பேறிய பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, "சக்குபந்தியைப் படிப்பா" என்றார்.

நான்கு எல்லை. கீழே ஒரு வரி: பொதுச் சந்தில் ஆள், வண்டி போக்குவரத்துப் பாத்தியம்.

மளிகைக்காரர் வீட்டுக்குப் போய்த் தன் பத்திரத்தை எடுத்தார். அதிலும் அதே வரி. ஓர் எழுத்து மாறவில்லை. கடன் வாங்கும்போது பேங்கில் கொடுத்த பத்திரம்தான். ஆனால் அந்த வரியை அவர் படித்ததே இல்லையாம்!

"போக்குவரத்துன்னுதான் இருக்கு, பெரியப்பா. நிறுத்தலாம்னு இல்லை" என்றார்.

"அதைத்தானப்பா ரெண்டு வருஷமா உன் பெரியம்மா சொல்றா" என்றார் பெரியவர்.

இப்போது கார் நிற்பது மூடிக் கிடக்கும் ஓர் அரிசி மில் களத்தில். நெல் காய்ந்த இடத்தில் மாத வாடகைக்கு ஏழெட்டுக் கார்கள் நிற்கின்றன. நடந்து போக 5 நிமிஷம்.

மூட்டை இறக்க, மழை கொட்டினால், பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால், கார் சில நாள் ராத்திரி சந்துக்குள் வருகிறது. அப்போது மாற்றுச் சாவி ஒன்று கடைசி வீட்டு நிலையடி ஆணியில் தொங்கும். பெரியவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியும். அது போதும்.

நீங்களும் இன்று ராத்திரி பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் காரைத் தள்ளச் சொல்வதற்கு முன்னால் படியுங்கள். பொதுச் சந்தில் உங்கள் காரை நிறுத்துவதற்கு முன்னாலும் படியுங்கள்!