பணம் கட்டியவருக்கு யார் பதில் சொல்வது?

பந்தயமும் நியாயமும் – 9

சிதம்பரத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் பழைய உறவு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக நெடுங்காலம் இருந்த எம்.ஏ.எம். ராமசாமி, நாட்டின் பெரிய பந்தயக் குதிரை உரிமையாளர்களில் ஒருவர். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். அவருடைய குதிரைகள் ஜெயித்த கோப்பைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சிதம்பரத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ரயிலேறி, தாம்பரத்தில் மின்சார ரயில் மாறி, கிண்டியில் இறங்கிச் சில நூறு ரூபாய் கட்டிவிட்டுத் திரும்பும் சாதாரண ரசிகரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பந்தயத்தில் விதி மீறப்பட்டால் அவர் கதி என்ன?

கிளப் நடத்தும் டோட் என்ற பந்தயக் கவுன்ட்டரில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகையாகச் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக மீதி, சரியான குதிரையின் மேல் கட்டியவர்களுக்குப் பிரியும். ஆகவே ஊக்கமருந்து போட்ட குதிரை ஜெயித்தால் அதற்கான பணம் கிளப்பின் கையிலிருந்து போவதில்லை. நேர்மையாக ஓடிய குதிரையின் மேல் கட்டியவர்களின் பையிலிருந்து போகிறது.

ஓட்டம் முடிந்ததும் ஜாக்கியை எடை பார்ப்பார்கள். குறுக்கே வெட்டி ஓட்டியதாகப் புகார் வந்தால் ஸ்டூவர்டுகள் எனும் பந்தய நடுவர்கள் விசாரிப்பார்கள். எல்லாம் சரி என்றால் ‘ஆல் கிளியர்’ அறிவிப்பு வரும், பணம் பட்டுவாடா ஆகும். பந்தயம் கட்டியவரைப் பொறுத்தவரை கணக்கு அதோடு முடிந்தது. குதிரையின் சிறுநீர் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போய் முடிவு வருவதோ பல நாள் கழித்து. அதில் மருந்து தெரிந்தால் பரிசுப் பணம் கைமாறும், ட்ரெய்னருக்குத் தண்டனை கிடைக்கும். தோற்றவரின் சீட்டு தோற்ற சீட்டாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதைத் தெளிவாகக் காட்டும். 2019இல் முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி மற்ற குதிரைகளின் வழியை மறித்ததாகச் சுமார் 22 நிமிட விசாரணைக்குப் பின் கீழே இறக்கப்பட்டது. கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டு, அதன்மேல் 2 டாலர் கட்டியவர்களுக்கு 132.40 டாலர் கிடைத்தது. 2021இல் ஜெயித்த மெடினா ஸ்பிரிட்டின் மாதிரியில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து இருந்தது. 2022 பிப்ரவரியில் அதன் வெற்றியை ரத்து செய்து, மாண்டலூன் குதிரையை வெற்றியாளராக அறிவித்தார்கள். மாண்டலூனின் உரிமையாளருக்கு வெற்றி வந்து சேர்ந்தது. அது ஜெயிக்கும் என்று கட்டியவர்களுக்கு ஒரு காசும் வரவில்லை. தவறு 22 நிமிடத்தில் உறுதியானால் நியாயம் கிடைக்கிறது, பல மாதம் கழித்து உறுதியானால் கிடைப்பதில்லை.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2017இல் பெங்களூரில் ஓடிய குயீன் லத்தீஃபா என்ற குதிரையின் மாதிரியில் புரோகெயின் கண்டறியப்பட்ட விவகாரம் சிஐடி விசாரணை வரை போனது. அங்கும் விவாதமெல்லாம் கிளப்பையும் அதிகாரிகளையும் சுற்றியே நடந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் கைத்திறன் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் ஒருவர் பணம் கட்டுகிறார் என்பதே அதன் அடிப்படை. மருந்து ஏற்றிய குதிரை ஓடும்போது அந்தத் திறமைக்கு என்ன மதிப்பு? திறமை என்று சொல்லிப் பந்தயத்தைக் காப்பாற்றியவர்கள், அந்தத் திறமையை நம்பிப் பணம் கட்டியவரையும் காப்பாற்ற வேண்டாமா?

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது; ஜெயித்த தொகையைக் கேட்டு வழக்குப் போட முடியாது. 500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்குத் தரும் சந்தாவுக்கு மட்டும் விலக்கு. பரிசு பெறுபவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. பணம் கட்டியவருக்கு இல்லை.

‘கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? தோற்றவர் சீட்டை அப்போதே கிழித்துப் போட்டுவிடுகிறாரே’ என்று கேட்கலாம். ஜெயித்தவரிடம் திரும்பக் கேட்க வேண்டாம். அவரும் தவறு செய்யவில்லை. புறப்படும் கதவு சரியாகத் திறக்காமல் ஒரு குதிரை நின்றுவிட்டால், அது ஓடவே இல்லை என்று அறிவித்து அதன்மேல் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கதவின் கோளாறுக்குத் தரும் நியாயத்தை மோசடிக்கும் தரலாம். பறிமுதலாகும் பரிசுத் தொகையையும் அபராதத்தையும் தனி நிதியாக வைத்து, மருந்துப் பரிசோதனை முடிவு வரும்வரை சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குக் கட்டிய தொகையையாவது திருப்பித் தரலாம். பரிசோதனை முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி தமிழிலும் வெளியிட வேண்டும்.

பந்தயத்துக்குப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. போகாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது. ஆனால் சட்டம் அனுமதித்து, அரசு வரி வாங்கும் ஓர் இடத்தில் ஏமாற்றப்பட்டவரை, ‘நீ ஏன் போனாய்?’ என்று கேட்டு அனுப்பிவிடுவது நியாயம் ஆகாது. வரி வாங்கும் அரசுக்கு அவரைக் காக்கும் கடமையும் உண்டு.

(தொடரும்)