வெள்ளை அஸ்பாரகஸும் சில்வானர் ஒயினும்

ஜெர்மனியின் வெள்ளை ஒயின்களில் ரீஸ்லிங் திராட்சையில் வடித்தவற்றுக்கே புகழ் மிகுதி என்றாலும், பவேரிய மாநிலத்தின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில், மைன் ஆற்றை ஒட்டிய சரிவுகளில் விளையும் சில்வானர் திராட்சையின் ஒயினே உணவுடன் சேர்த்துப் பருகுவதற்கு அதைவிடப் பொருத்தமானது. ஆஸ்திரியாவிலிருந்து தருவிக்கப்பட்ட இக்கொடி 1659இல் அப்பகுதியின் காஸ்டெல் என்னும் ஊரில் நடப்பட்டதற்கு எழுத்துச் சான்று உண்டு. டிராமினர் என்ற பழைய திராட்சையும் ஒரு ஆஸ்திரிய வெள்ளைத் திராட்சையும் கலந்து பிறந்ததே சில்வானர் என்பதை மரபணு ஆய்வும் காட்டியுள்ளது.

இந்த ஒயின் பெரும்பாலும் 'உலர்' வகையாகவே வடிக்கப்படுகிறது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய முழுவதும் சாராயமாக மாற்றிவிடுவதால் இனிப்பு நாவில் தெரியாத ஒயினே உலர் ஒயின் எனப்படுகிறது. சட்டப்படி ஒரு லிட்டரில் 4 கிராம் வரை சர்க்கரை எஞ்சியிருக்கலாம். புளிப்பும் அதற்கு ஈடாக இருந்தால் 9 கிராம் வரையும் அனுமதி உண்டு. புளிப்பு மிகுந்தால் இனிப்பு உறைக்காது என்பதே அச்சலுகையின் காரணம். ஃபிராங்கோனிய மரபோ 4 கிராமுக்கு உட்பட்டதையே உலர் ஒயினாக மதிக்கிறது. அந்தக் கண்டிப்பு பாராட்டத்தக்கது.

சில்வானரின் புளிப்பு ரீஸ்லிங்கின் புளிப்பைவிட மென்மையானது, மணமும் அடக்கமானது. பழங்காலக் கடலின் சிப்பிகள் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் மண்ணே ஃபிராங்கோனியச் சில்வானருக்கு அதன் தனித்தன்மையைத் தருகிறது என்று அப்பகுதியினர் கருதுகின்றனர். மணம் அடங்கியிருப்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. உணவு மேசையில் அதுவே இதன் பெரும் வலிமை.

இதற்குச் சிறந்த சான்று, வசந்த காலத்தில் ஜெர்மானியர் விரும்பி உண்ணும் வெள்ளை அஸ்பாரகஸ். தமிழகத்தில் மருந்துக்குப் பயன்படும் தண்ணீர்விட்டான் கொடியின் பேரினத்தைச் சேர்ந்த இத்தாவரத்தின் தண்டு, வெயில் படாமல் மண்ணை அணைத்து வளர்க்கப்படுவதால் பச்சை நிறம் கொள்வதில்லை. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களும் மெல்லிய கசப்பும் ஓக் பீப்பாயின் மணமேறிய ஒயினோடும் துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயினோடும் சேரும்போது உலோகச் சுவையைத் தந்துவிடுகின்றன. பீப்பாய் மணமும் துவர்ப்பும் இல்லாத இளம் சில்வானரோ அக்கசப்பைத் தூண்டுவதில்லை; அஸ்பாரகஸின் மேல் ஊற்றப்படும், வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் கலந்த ஹாலண்டேஸ் குழம்பின் கொழுப்பை மட்டும் அதன் மிதமான புளிப்பு நாவிலிருந்து நீக்குகிறது. பொரித்த கெண்டை மீனுக்கும், வெங்காயமும் வினிகரும் சேர்ந்த சாற்றில் வேகவைத்த பன்றி இறைச்சித் தொத்திறைச்சிக்கும் அங்கே இதையே துணைகொள்கின்றனர்.

ஃபிராங்கோனியாவின் வூர்ஸ்பர்க் நகரின் பெயர்பெற்ற ஒயின் தயாரிப்பாளர்களில் இரண்டு, அறநிலையங்களாகத் தொடங்கியவை என்பது குறிப்பிடத்தக்கது: முதியோரைப் பேண 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய பூர்கர்ஷ்பிட்டால், 1576இல் ஆயர் யூலியஸ் எக்டர் நிறுவிய மருத்துவமனையான யூலியுஸ்ஷ்பிட்டால். இரண்டும் இன்றும் தம் திராட்சைத் தோட்டங்களைப் பராமரித்து வருகின்றன.

பக்கவாட்டில் தட்டையான உருண்டைக் குப்பியில் வரும் இவ்வொயினைத் தேர்வோர், முகப்பில் உலர் என்று பொருள்படும் 'ட்ரோக்கன்' என்ற சொல் உள்ளதா என்று பார்த்து வாங்குவதும், 10 பாகை செல்சியஸ் அளவில் குளிரவைத்துப் பரிமாறுவதும் நல்லது.