வயிற்றில் செல் துண்டு இருந்தால் ஸ்கானுக்கு முன் சொல்லுங்கள்

கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ வயிற்று ஸ்கானுக்குக் காத்திருப்பவர்களில் போரில் காயப்பட்டவர்களும் இருப்பார்கள். வேலைக்காகக் கண்டிப் பக்கம் வந்து தங்கியவர்கள், ஏ9 வீதியால் சிகிச்சைக்கு வருபவர்கள் எனப் பலர். இவர்களுடைய படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க நிபுணர் பெரும்பாலும் அவர்களை நேரில் காண்பதில்லை. விண்ணப்பத் துண்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தால், அதை வைத்தே அவர் படத்தை வாசிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் உலோகமும் கல்லும் வெள்ளையாகவே தெரியும். இடுப்புக்குள், சிறுநீர்க்குழாய் போகும் வழியில் கிடக்கும் சிறு செல் துண்டு சிறுநீரகக் கல்லாகத் தோன்றலாம். சீ.ரி. ஸ்கான் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். ஆனால் உலோகத்தைச் சுற்றிக் கதிர்க் கோடுகள் விழுவதால் பக்கத்திலுள்ள குடலோ கருப்பையோ மறைந்துபோகும்.

மண்ணீரல் விடயம் இதைவிடச் சிக்கலானது. காயத்தில் மண்ணீரல் சிதறினால் அதன் சிறு துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி வளர்வதுண்டு. பல வருடங்களின் பின் ஸ்கானில் அவை புற்றுநோய்க் கட்டிகள் போலவே தெரியும். 'மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்' என்ற ஒரு வரி தேவையற்ற சத்திரசிகிச்சையைத் தவிர்க்கக்கூடும். அந்தத் துணுக்குகளை அடையாளம் காணத் தனியான அணுமருத்துவ ஸ்கானும் உண்டு.

இன்னொரு தவறு கண்ணுடையது. செல் துண்டைக் கண்டதும் 'வலிக்குக் காரணம் இதுதான்' என்று தேடல் அதோடு நின்றுவிடும். அருகிலுள்ள சிறு கட்டி தப்பிவிடும். அனுபவமுள்ள நிபுணர்களும் நோயுள்ள படங்களில் கணிசமானவற்றைத் தவறவிடுகிறார்கள் என்று அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் ஹென்றி கார்லண்ட் 1949 இலேயே எழுதினார்.

எம்.ஆர்.ஐ. என்றால் சொல்லாமல் விடுவது ஆபத்து. அது பெரிய காந்தம். செல் துண்டுகள் பல உருக்காலானவை; அசையவோ சூடேறவோ கூடும். கண்ணுக்குள் துண்டு இருந்தால் பார்வையே போகலாம். அதனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

சொல்லப் பயமாக இருப்பது விளங்கக்கூடியதுதான். காயத்தைச் சொன்னால் 'எங்கே, எந்தப் பக்கம் நின்றாய்' என்ற கேள்வி வருமோ என்ற பயம் அது. அதையெல்லாம் சொல்லத் தேவையில்லை. உடம்பில் எங்கே இரும்பு இருக்கிறது, எந்த உறுப்பை எடுத்தார்கள், எந்த வருடம் என்பது போதும். சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி, துண்டோடு இணைத்துக் கொடுக்கலாம்.

பலருடைய வைத்திய அட்டைகள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன. மிஞ்சியிருப்பது தழும்பு மட்டும், அதைக் காட்டுங்கள். இனி எடுக்கும் படங்களையும் அறிக்கைகளையும் எறியாமல் வைத்திருங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தால், நிபுணர் அதை விட்டுவிட்டு வலிக்கு வேறு காரணத்தைத் தேடுவார்.