கவரில் ஒட்டிய நகர்த்தல்

1972 ஆகஸ்ட் 31. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் சோவியத் உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடவில்லை. தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஆட வரவும் இல்லை. போனிலேயே தோல்வியைச் சொல்லிவிட்டார். பாபி ஃபிஷர் உலக செஸ் சாம்பியன் ஆனது இப்படித்தான்.

அன்று கவரில் ஒட்டிக் கொடுப்பதுதான் நடைமுறை. ஐந்து மணி நேரத்தில் ஆட்டம் முடியாவிட்டால் ஒத்திவைப்பார்கள். கவருக்குள் இருப்பது எதிராளிக்குத் தெரியாது. ஆட்டக்காரர் தூங்கப் போவார். அவருடைய உதவியாளர்கள் விடியவிடியக் காயை உருட்டிக்கொண்டிருப்பார்கள். சோவியத்காரர்களுக்கு அதற்கென்றே ஒரு படை இருந்தது. போட்டியாளரை மிஞ்சுவது என்றால் அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பது, அவ்வளவுதான்.

அன்றைய சென்னையில் அந்தப் படையும் கிடையாது, புத்தகமும் அரிது. பெல்கிரேடிலிருந்து வரும் 'இன்ஃபார்மன்ட்' என்ற ஆட்டத் தொகுப்புதான் வேதம். ஐரோப்பாவில் ஒருவர் புதிதாக ஆடியது இங்கே வந்து சேர மாதங்கள் ஆகும். இருந்தது சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப். அதை வளர்த்தவர் மானுவல் ஆரோன், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். ஜெயித்தவர் நாற்காலியில் தொடரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது அங்கே பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டத்தின் வழக்கம். திரும்பக் காத்திருக்க மனமில்லாத பையனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். விஸ்வநாதன் ஆனந்த் வேகமாக ஆடக் கற்றது அங்கேதான். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரும் அவரே.

1997இல் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதற்குள் ஒத்திவைப்பும் மெல்லப் போய்விட்டது. ராத்திரி முழுக்கக் கணினி விழித்திருந்தால் மறுநாள் ஆடுவது யார் என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா?

2010இல் உலக சாம்பியன் ஆனந்துக்குச் சவால் விட சோஃபியாவில் டோபலோவ் பெரிய கணினிகளின் பலத்தோடு வந்தார். ஆனந்தோ, எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து காரிலேயே போய்ச் சேர்ந்தவர். அவருக்குத் தயாரிப்பில் கைகொடுத்தவர்கள் காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன். மூவருமே அவரோடு போட்டியிட்டவர்கள்! கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஜெயித்து பட்டத்தைத் தக்கவைத்தார்.

இன்று உலக சாம்பியனைவிட வலுவான ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் எல்லார் போனிலும் இலவசம். இரு தரப்பிடமும் ஒரே பதில் இருக்கும்போது ரகசியம் ஏது? அதனால் எஞ்சின் முதலாவதாகச் சொல்வதைத் தள்ளிவிட்டு, மூன்றாவதாகச் சொல்வதை ஆடுகிறார்கள். கொஞ்சம் மட்டமானதுதான், ஆனால் எதிராளி அதை மனப்பாடம் செய்திருக்க மாட்டார். அவரை மனப்பாடத்திலிருந்து வெளியே இழுத்துவந்து தனியாக யோசிக்க வைப்பதுதான் இப்போதைய சாமர்த்தியம். சென்னைப் பையன் குகேஷை, கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை எஞ்சின் பக்கமே போக விடாமல் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அன்று விசித்திரமாகத் தெரிந்த அந்த வைராக்கியம், யோசித்துப் பார்த்தால், சரியான கணக்கு.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியில் குகேஷும் டிங் லிரெனும் 6.5-6.5 சமன். பதினான்காவது ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. டிங் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷுக்கே உடனே பிடிபடவில்லை. வேறொன்றை ஆடவிருந்ததாகப் பிறகு சொன்னார். உலகெங்கும் திரையில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது.

இதெல்லாம் சாம்பியன்களின் ஆட்டமா என்று பெரிய பெயர்களே நொடித்தார்கள். மணிக்கணக்காக, கிட்டத்தட்ட மூன்று வாரமாகத் தூக்கம் குறைந்த ஒருவர் எதிரில் எஞ்சின் இல்லாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.