தலைக் கணக்கும் அடுப்புக் கணக்கும்

பட்டணத்தில் வாடகை ஏறும்போதெல்லாம் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "ஜனங்கள் பெருகிவிட்டார்கள், வீட்டுக்கு எங்கே போவது?" என்பார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் மீதும் குற்றமில்லை; சர்க்கார் மீதும் குற்றமில்லை. பழியெல்லாம் பிறந்த குழந்தைகளின் தலையில்! இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயம் என்பதைச் சென்னைப் பட்டணத்தை முன்னிட்டுச் சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

முதலில் ஜனக் கணக்கைப் பார்ப்போம். 2001-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை சுமார் 6 கோடியே 24 லட்சம். 2011-இல் அது 7 கோடியே 21 லட்சம். அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 16 பெருக்கம். அதே பத்து வருஷத்தில் குடித்தனங்களின் எண்ணிக்கையோ 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாயிற்று, நூற்றுக்கு 30! தலைகள் பெருகிய வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் அடுப்புகள் பெருகியிருக்கின்றன.

இதன் காரணத்தைத் தேடி நாம் வெகு தூரம் போகவேண்டியதில்லை. முன்பு தகப்பனாரும் பிள்ளைகளும் மருமகள்மாரும் ஒரே கூரையின் கீழ் ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். இன்று மூத்தவனுக்குச் சென்னையில் உத்தியோகம், இளையவனுக்குக் கோயம்புத்தூரில், பெற்றோர்கள் கும்பகோணத்தில் பூர்வீக வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் ஒரு தலைகூடக் கூடவில்லை. வீடு மட்டும் ஒன்றுக்கு மூன்று வேண்டியதாயிற்று. வாடகைக்கு இடம் கேட்டு வருவது தலையன்று, குடித்தனம். தமிழ்நாட்டில் குழந்தைகள் குறைந்துகொண்டே வந்தும் வீட்டுக்குக் கிராக்கி குறையாத மர்மம் இதுதான்.

குடித்தனங்கள் எத்தனை என்பதோடு, அவை எங்கே இருக்க விரும்புகின்றன என்பதும் முக்கியம். இதற்கு 1942-ஆம் வருஷத்து ஏப்ரல் மாதத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பீதியில் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினார்கள். தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அந்தச் சில வாரங்களில் தேசத்தின் ஜனத்தொகை குறைந்துவிட்டதா? புதிய வீடுகள் எழும்பிவிட்டனவா? இரண்டும் இல்லை. பட்டணத்தில் இருக்கவேண்டும் என்ற ஆவல் ஒன்றுதான் போயிற்று. அதனோடு வாடகையும் போயிற்று. பயம் நீங்கி ஜனங்கள் திரும்பியபோது வாடகையும் திரும்பிவிட்டது. 1946-இல் வாடகைக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது.

அந்தச் சட்டத்தால் பிழைத்த ஏழைக் குடித்தனங்கள் அநேகம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற வீட்டில் இருக்கிறவரைக் காக்கச் சட்டத்தால் முடியுமே தவிர, இல்லாத வீட்டை உண்டாக்க முடியாது. ஓர் இரவு ரயிலில் ஆயிரம் பேர் சென்ட்ரலில் வந்து இறங்கிவிடலாம். ஆயிரம் வீடுகள் ஓர் இரவில் எழும்புமா? மனை வேண்டும், சாலை வேண்டும், சாக்கடை வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தண்ணீர் வேண்டும். இவை வந்து சேரும்வரை உள்ள இடைவெளியில்தான் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனங்கள் தோன்றின. ஒரு கிணறு, ஒரு குழாய், பத்துக் குடும்பம். அந்தக் குழாயடியில் விடியற்காலையில் நின்ற பெண்களைக் கேட்டால் வீட்டுப் பஞ்சத்தின் இலக்கணத்தை எந்தப் பொருளாதார நிபுணரையும்விட நன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

சென்னை நகரம் இந்த இடைவெளியை அடைக்க முயலாமலில்லை. 1920-இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு மாம்பலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். பார்க்கும் அகன்ற வீதிகளுமாக அழகான நகர்தான். ஆனால் நீர் நின்ற இடத்தில் வீடு கட்டும் வழக்கமும் அத்துடன் நமக்குப் பிடித்துப்போயிற்று; 2015 டிசம்பர் வெள்ளம் அதற்கு வட்டியும் முதலுமாக வசூல் செய்துகொண்டு போனது.

இந்த விஷயத்தில் ஸ்ரீ சத்தியமூர்த்தியின் தீர்க்கதரிசனம் பெரியது. 1939-இல் மேயரானவர், வீட்டுக்கு முன் தண்ணீர் என்பதை உணர்ந்து, யுத்தத்தின் நடுவிலும் வெள்ளைக்காரச் சர்க்காருடன் போராடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அஸ்திவாரம் போடச் செய்தார். 1944-இல் வேலை முடிந்தபோது பார்க்க அவர் உயிருடன் இல்லை. அப்போதைய சென்னைக்கு அது போதுமானதாயிருந்தது. பின்னால் வந்தவர்கள் முதலில் வீட்டைக் கட்டினார்கள். தண்ணீரை லாரியில் வரவழைத்தார்கள்.

இப்போது மனையின் கணக்குக்கு வருவோம். சென்னையில் 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு. மனையின் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்ற விதியில் 3,600 அடிதான் எழும்பும். 2019-ஆம் வருஷத்து விதிகள் அனுமதித்த இரண்டு மடங்கில் 4,800 அடி. 800 அடி வீடுகளாகப் பிரித்தால் முன்பு நான்கு குடித்தனம், இப்போது ஆறு. மனையின் விலையை நால்வர் சுமப்பதற்கும் அறுவர் சுமப்பதற்கும் பேதமில்லையா? உண்டு. ஆனால் மனைக்காரருக்கும் இந்தக் கணக்குத் தெரியும்! விலையை அவரும் ஏற்றிச் சொல்லுவார். ஏககாலத்தில் பல இடங்களில் மனைகள் கிடைத்தாலன்றி அவர் பிடி தளராது.

கிடைக்காதபோது என்ன நேருகிறது? 2001-க்கும் 2011-க்கும் இடையில் சென்னை நகரம் நூற்றுக்கு 7 தான் பெருகிற்று. பக்கத்துக் காஞ்சீபுரம் ஜில்லா 39, திருவள்ளூர் 35. புதிய தொழிற்சாலைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் சிலரை அங்கே இழுத்தன என்பது வாஸ்தவமே. பட்டணத்து விலை தள்ளிவிட்டவர்களும் பலர்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2011-ஆம் வருஷக் கணக்கில் இந்தியாவின் நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாய்க் கிடந்தன. 2012-இல் மத்திய சர்க்காரின் நிபுணர் குழுவோ நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைவு என்றது. அதில் நூற்றுக்கு 95-க்கு மேல் ஏழைகளுக்கும் சொற்ப வருமானக்காரர்களுக்கும் வேண்டியவை. பூட்டிய வீடுகள் பணத்தைப் பத்திரமாக வைப்பதற்காக வாங்கப்பட்டவை. அல்லது குடியிருப்பவர் காலி செய்யமாட்டார் என்ற அச்சத்தால் பூட்டப்பட்டவை. அல்லது வேலைக்கு எட்டாத தூரத்தில் நிற்பவை.

தூரத்தின் கொடுமையை அறியக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போகவேண்டும். நகருக்குள் ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்குச் சர்க்கார் அங்கே அடுக்கடுக்காக வீடு கட்டிக் கொடுத்தது. கல்வீடு, மின்சார விளக்கு, எல்லாம் உண்டு. பாத்திரம் தேய்க்கவும் சமையல் செய்யவும் அவர்களுடைய பெண்கள் வேலை பார்த்த வீடுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. விடிவதற்குள் பஸ் பிடித்து வரும் அவர்களில் அநேகருக்கு வாடகையில் மிஞ்சியது வழிச் செலவிலும், குழந்தைகளை விட்டுவிட்டு வரும் நேரத்திலும் கரைந்துவிடுகிறது.