பாலறை: சொல்லும் கட்டடமும்

பழமை போற்றுவார் கோயிலையும் கோட்டையையும் நாடிச் செல்லுதல் இயல்பு. உழவர் மனையின் ஒரு புறத்தே ஒதுங்கி நிற்கும் பாலறையை நோக்குவார் மிகச் சிலரே. இங்கிலாந்தின் பழம்பண்ணைகளிற் காணப்பெறும் இப்பாலறை, மாடு கட்டும் தொழுவம் அன்று. கறந்த பாலை வைத்து ஏடெடுத்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஆக்கிய இடம். அதன் மதிப்பு எதன்கண் உள்ளது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பெயரைக் காண்போம். இதனைக் குறிக்கும் 'டெய்ரி' என்னும் ஆங்கிலச் சொல், 'டெய்' என்னும் இடைக்காலச் சொல்லினின்று பிறந்தது. 'டெய்' என்பது பண்ணைப் பணிப்பெண்ணின் பெயர். அதன் பழைய வடிவம் மாப் பிசைபவளைக் குறித்தது. எனவே, இவ்விடம் பாலாற் பெயர் பெறவில்லை. உழைத்த பெண்ணாற் பெயர் பெற்றது.

இனிக் கட்டடத்தைக் காண்போம். அகன்ற, ஆழமற்ற கலங்களிற் பாலை ஊற்றி அசையாது வைப்பின், கொழுப்பு மேலே மிதந்து ஏடாகும். இதற்குப் பல நாழிகை வேண்டும். வெப்பம் மிகுமாயின் ஏடு திரளுமுன் பால் புளித்துவிடும். ஆதலின், வெயில் படாத வடபுறத்தே அறை அமைத்தனர். தடித்த சுவர், கல் பாவிய தரை, கற்பலகைத் தட்டு, கண்ணாடியின்றி மரச்சட்டம் இட்ட சாளரம் ஆகிய யாவும் குளிர்ச்சி கருதியனவே.

சாளரத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளர வரி வாங்கப்பட்டது. பிற்காலத்தே பண்ணைப் பாலறைக்கு விலக்கு அளித்தனர். அவ்விலக்கைப் பெற, அறையின் பெயரை வெளியே தெரியுமாறு எழுதிவைத்தனர். சில மனைகளில் அவ்வெழுத்து இன்றும் உள்ளது. கல்வெட்டிற் பயின்ற நமக்கு அவ்வொரு சொல்லின் அருமை விளங்காமற் போகாது.

1878இல் குஸ்தாவ் தெ லாவால் ஏடு பிரிக்கும் பொறியை உருவாக்கினார். புகைவண்டி பாலை நகரங்களுக்குக் கொண்டுசென்றது. தொழிற்சாலைகள் பெருகின. பண்ணைப் பாலறை தன் தொழிலை இழந்தது.

வின்சரை அடுத்த ஃபிராக்மோரில் 1858இல் எழுந்த அரச பாலறையின் சிறப்பை அதன் வண்ண ஓடுகளே உணர்த்தும். எளிய பாலறைக்கு அவ்வாறு பரிந்துரைக்கும் அணி யாதும் இல்லை. அதன் சட்டத்தைப் பெயர்த்துக் கண்ணாடி பொருத்தி, தட்டை அகற்றி, எழுத்தின்மேல் வண்ணம் பூசிவிட்டால், சுவர் நிற்கும், சான்று அழியும். ஆகவே, காக்கத்தக்கது கட்டடத்தின் தோற்றம் மட்டும் அன்று; உழைப்பின் சுவடுகளைத் தாங்கிய உறுப்புகளும் ஆகும் என்பது எம் துணிபு. பெயரறியாப் பெண்டிர் பலரின் தொழில் வரலாற்றுக்கு அவையே எஞ்சிய ஏடுகள்.